இன்ஸ்பெக்டரின் பென்சிலும் பிள்ளையின் கோப்பும்

1862க்குப் பிறகு இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். அது இன்ஸ்பெக்டர் வரும் நாள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார். சரியாக வாசித்தால் பட்டியலில் ஒரு குறி, தடுமாறினால் வேறொரு குறி. அந்தக் குறி பிள்ளைக்கானது மட்டுமில்லை, பள்ளிக்கு வரும் பணத்துக்கும் அதுதான் கணக்கு.

ராபர்ட் லோ கொண்டுவந்த 'திருத்திய விதித்தொகுப்பு' செய்த வேலை இது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை போதுமான நாட்கள் வந்து தேர்விலும் தேறினால் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பாடம். ஒன்றில் தோற்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தோற்றால் மொத்தமும் போச்சு. செலவு குறையவேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த காசுக்குப் பலன் தெரியவேண்டும் என்பது லோவின் வாதம். பட்ஜெட் போடுகிறவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அந்த விதியின் வாசகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கவேண்டும். முதல் தரத்தில் ஓரசைச் சொற்களால் ஆன ஒரு சிறுகதை. ஆறாம் தரத்தில் செய்தித்தாளிலிருந்து ஒரு சாதாரணப் பத்தி. நடுவில் இருக்கும் தரங்களில்தான் விஷயமே இருக்கிறது: 'பள்ளியில் பயன்படுத்தும் வாசிப்புப் புத்தகத்திலிருந்து' ஒரு பத்தி. அதாவது, வருடம் முழுக்க எந்தப் புஸ்தகத்தைக் கையில் வைத்திருந்தானோ அதே புஸ்தகத்திலிருந்துதான் கேள்வி. வாத்தியார்கள் முட்டாள்கள் இல்லையே. சம்பளம் அதில் தொங்குகிறது. புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தங்குதடையில்லாமல் 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்தைப் பற்றி இன்றும் சொல்லப்படுகின்றன. எத்தனை நடந்தது, எத்தனை ஜோடித்தது என்பது இருக்கட்டும். கவிஞராக நாமறிந்த மேத்யூ அர்னால்ட் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் இந்த வாசிப்புத் தேர்வில் தேற வைத்துவிட முடியும் என்று அவரே தன் அறிக்கையில் எழுதினார். சோதிக்கிறவரே சொன்ன சாட்சி அது.

1890களில் இந்த முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. தலைமை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் ஒரு புத்தகமே எழுதி அதைக் கிழித்தார். முறை போன பிறகும் அது வளர்த்துவிட்ட பழக்கம் வாத்தியார்களின் உடம்பிலேயே தங்கிவிட்டது என்பது அவருடைய முக்கியமான ஆதங்கம்.

இந்த வண்டி கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1860களின் பிற்பகுதியிலேயே தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கமிஷன் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு அதுவே ஏற்றது என்று பரிந்துரைத்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஏற்கெனவே இருந்தது என்பது உண்மை. ஆனால் அது வேறு மாதிரியான மனப்பாடம். அங்கே நினைவில் நிற்பதுதான் கல்வி, ஏடு அதற்குத் துணை. பிள்ளை முறை சொல்லும்போது வாத்தியார் எதிரே உட்கார்ந்து கேட்பார். நேற்று எங்கே சறுக்கினான், இன்றைக்கு எங்கே என்பது அவருக்குத் தெரியும். மானியத்துக்காக வந்த மனப்பாடத்தில் கேட்கிறவர் வருடத்துக்கு ஒருநாள் வரும் அந்நியர். இரண்டையும் ஒரே சொல்லால் 'உருப்போடுதல்' என்று நாம் அழைப்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போகிறது. கர்ஸன் காலத்தில்தான் இந்திய அரசு இந்த மானிய முறைக்கு எதிராகத் திரும்பியது.

சரி, வருடத்துக்கு ஒருநாள் கேட்பது போதாது என்றால் வேறெப்படித்தான் கேட்பது? இதற்கு உருப்படியான ஒரு பதில் நியூசிலாந்திலிருந்து வந்தது. 1960களில் ஆக்லாந்தில் மேரி க்ளே என்ற ஆய்வாளர், புதிதாகப் பள்ளியில் சேர்ந்த 100 குழந்தைகளை முதல் வருடம் முழுக்க வாராவாரம் கவனித்தார். பெரிய கருவி எதுவுமில்லை, ஒரு தாளும் பென்சிலும்தான். குழந்தை சரியாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக். தப்பாகச் சொன்னால் என்ன சொன்னது என்பதை அப்படியே எழுதிக்கொள்வார். தானே திரும்பிவந்து திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக்குறி. 'ரன்னிங் ரெக்கார்ட்' என்று இதற்குப் பெயர் வந்தது.

இதன் அருமையைத் தமிழில் சொன்னால்தான் புரியும். 'குதிரை வேகமாக ஓடியது' என்பது வரி. ஒரு பிள்ளை 'கழுதை வேகமாக ஓடியது' என்று வாசிக்கிறது. இன்னொன்று 'குதிர் வேகமாக ஓடியது' என்கிறது. மூன்றாவது பிள்ளை 'குதிர்...' என்று தொடங்கி, ஒரு நொடி நின்று, 'குதிரை' என்று திருத்திக்கொள்கிறது. இன்ஸ்பெக்டரின் பட்டியலில் முதல் இரண்டும் ஒரே தப்பு. மூன்றாவதும் தடுமாற்றக் கணக்கில் சேர்ந்துவிடலாம். க்ளேயின் தாளிலோ முதல் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டது. இரண்டாவது எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டது, நெல் கொட்டிவைக்கும் குதிர் எப்படி ஓடும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு இரண்டும் கைவந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலையில் இந்த மூவருக்கும் ஒரே பாடம் நடத்தினால் அது வாத்தியார் செய்யும் அநியாயம்.

நம் எழுத்துமுறைக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. 247 எழுத்தும் தெரிந்துவிட்டால் தமிழில் எதையும் சத்தம்போட்டு வாசித்துவிடலாம், ஆங்கிலத்தைப்போல ஒவ்வொரு சொல்லிலும் பொறி கிடையாது. அதனாலேயே ஒரு வார்த்தைகூடப் புரியாமல் கணீரென்று வாசிக்கும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம். காதுக்கு நன்றாயிருப்பதால் எல்லோரும் ஏமாந்துபோகிறோம்.

இப்படி எழுதிய தாள்களை எறிந்துவிடாமல் சேர்த்துவைத்தால் என்ன? அதோடு பிள்ளை வாசித்த புத்தகங்களின் பட்டியல், வாசித்ததைப் பற்றி எழுதிய நாலு வரி, வரைந்த படம், பிள்ளையே சொன்ன அபிப்பிராயம் எல்லாம் ஒரே கோப்பில். ஓவியர்களும் கட்டிடக்கலைக்காரர்களும் வேலை தேடிப் போகும்போது எடுத்துச்செல்லும் கோப்புக்குப் 'போர்ட்ஃபோலியோ' என்று பெயர், அந்தச் சொல் 1980களின் கடைசியில் வகுப்பறைக்குள் வந்தது. அமெரிக்காவில் ஷீலா வலென்சியா 1990இல் வாசிப்பை இப்படி மதிப்பிடுவது ஏன், எப்படி என்று எழுதிய கட்டுரை ஆசிரியர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. நான் இந்த வரலாற்றில் பெரிதாக நினைப்பது அதற்கு இரண்டு வருடம் முன்பு லண்டனில் வெளியான 'பிரைமரி லாங்குவேஜ் ரெக்கார்ட்' என்ற பதிவேட்டைத்தான்.

லண்டனின் உள்நகரக் கல்வி ஆணையத்தின் கீழிருந்த தொடக்கக் கல்வி மொழி மையம், மைரா பார்ஸ் தலைமையில் அதை உருவாக்கியது. 1985இல் வேலை தொடங்கி, 50க்கும் மேற்பட்ட பள்ளிகளில் வெள்ளோட்டம் விட்டு, 1988இல் வெளியிட்டார்கள். படிவத்தின் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி: இந்தக் குழந்தைக்குப் புரியும் மொழிகள் எவை, வாசிக்கும் மொழிகள் எவை, எழுதும் மொழிகள் எவை? வங்காளியும் துருக்கியும் உருதுவும் பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைந்த நகரம் அது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை வேறொரு மொழியில் கதைப்புத்தகம் வாசிக்கிற பிள்ளையாக இருக்கலாம் என்று படிவமே ஒப்புக்கொள்கிறது.

அடுத்தது இன்னும் துணிச்சல். வருடத் தொடக்கத்தில் ஆசிரியர் பெற்றோரோடு உட்கார்ந்து பேசவேண்டும். புகார் சொல்ல இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. வீட்டில் யார் கதை சொல்கிறார்கள், பிள்ளை எதை விரும்பிப் புரட்டுகிறது என்று பெற்றோர் சொல்வதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். பிறகு பிள்ளையோடு தனியாக ஒரு உரையாடல், அதுவும் பதிவாகும். நடு மாதங்களில் ஆசிரியரின் அவதானிப்புகள், வாசிப்பு மாதிரிகள். வருடக் கடைசியில் மறுபடி பெற்றோர், மறுபடி பிள்ளை, கூடவே அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒரு குறிப்பு. மார்க் கிடையாது. பிறரைச் சார்ந்து வாசிப்பதிலிருந்து சுயமாக வாசிப்பதுவரை ஒரு ஐந்துபடி அளவுகோல் மட்டும் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, இது வேலை வாங்கும் ஏற்பாடு. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது பெற்றோர் உரையாடல், முப்பது பிள்ளை உரையாடல், அதுவும் வருடத்துக்கு இருமுறை. அதற்கான நேரத்தை யார் கொடுப்பது?

நேரம் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. பதிவேடு வெளியான அதே 1988இல்தான் தாட்சர் அரசின் கல்விச் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. தேசியப் பாடத்திட்டம், தேசியத் தேர்வு. அந்தச் சட்டத்தின்படி லண்டனின் கல்வி ஆணையம் 1990இல் கலைக்கப்பட்டது. 1991இல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு முதல் தேசியத் தேர்வு. 1993இல் ஆசிரியர் சங்கங்கள் தேர்வைப் புறக்கணித்தார்கள், தேர்வுகள் சுருக்கப்பட்டன, ஆனால் போகவில்லை. பதிவேடு கடல் தாண்டிக் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கொஞ்ச காலம் வாழ்ந்தது.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. வெர்மான்ட் மாநிலம் 1991-92இல் நான்காம், எட்டாம் வகுப்புகளுக்கு எழுத்திலும் கணக்கிலும் கோப்புகளையே மாநில அளவிலான மதிப்பீடாக வைத்தது. வாசிப்பு அதில் நேரடியாக இல்லை என்றாலும், கோப்பை வைத்து மதிப்பிட முடியுமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சோதனைக்களம் அன்று இருக்கவில்லை. கல்வி ஆணையர் ரிச்சர்ட் மில்ஸ். ராண்ட் நிறுவனத்திலிருந்து டேனியல் கோரெட்ஸ் குழுவினர் ஆராய்ந்து 1992 டிசம்பரில் அறிக்கை தந்தார்கள். ஒரே கோப்பை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் மதிப்பெண் பெரிதும் வேறுபடுகிறது, பள்ளிகளை ஒப்பிட இதை நம்ப முடியாது என்பது அதன் சாரம். பத்திரிகைகள் அதைத்தான் எழுதின. ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சொன்னதோ வேறு: இது சுமைதான், ஆனால் சுமக்கத்தக்க சுமை. எங்கள் பாடம் நடத்தும் விதமே மாறிவிட்டது. பல பள்ளிகள் கட்டாயமில்லாத வகுப்புகளுக்கும் கோப்பை நீட்டித்தன.

இரண்டும் உண்மை என்றே எனக்குப் படுகிறது. கோப்பு பிள்ளையின் பக்கத்தில் இருக்கும்வரை அது பேசுகிறது. தலைநகருக்கு அனுப்பி எடைபோடச் சொன்னால் ஊமையாகிவிடுகிறது. அதற்காகக் கோரெட்ஸைக் குறைசொல்ல முடியாது. மாநிலம் கேட்டது ஒப்பீட்டை, அவர் ஒப்பீட்டுக்கான தராசைச் சோதித்தார். தராசு ஆடியது.

கென்டக்கி இன்னும் ஒரு படி மேலே போனது. 1990 சட்டத்தின்படி எழுத்துக் கோப்பைப் பள்ளியின் மொத்த மதிப்பெண்ணில் சேர்த்து, அதில் முன்னேறிய பள்ளிக்கு ரொக்கப் பரிசு, பின்தங்கினால் நடவடிக்கை என்று வைத்தார்கள். 1862இன் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வேறு உடையில் திரும்பி வந்தது. கோப்பில் இருப்பது பிள்ளையின் எழுத்தா, வாத்தியார் கைவைத்த எழுத்தா என்ற சந்தேகம் ஓயவே இல்லை. 2009இல் கோப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் 2002இன் 'எந்தக் குழந்தையும் பின்தங்கக்கூடாது' சட்டம் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை வருடாந்திர வாசிப்புத் தேர்வைக் கட்டாயமாக்கிவிட்டிருந்தது.

இங்கே 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு அது வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்பது அழகான சொல், வளர்வதை அறிவது. அந்த 40க்குள் பிள்ளையின் செயல்பாடுகளையும் ஒப்படைப்புகளையும் சேர்த்துவைக்கச் சொன்னார்கள். பல இடங்களில் நடந்தது என்ன என்பது பெற்றோருக்குத் தெரியும். இரவு எட்டரை மணிக்கு, "மிஸ் நாளைக்குச் சார்ட் கொண்டுவரச் சொன்னாங்க" என்று பிள்ளை சொல்லும். ஸ்டேஷனரிக் கடையில் படத்தாள் வாங்கி, அம்மா கத்தரிக்க, அப்பா ஒட்ட, பிள்ளை தூங்கிவிடும். ஆசிரியர் பதிவேட்டில் எண்கள் நிரம்பும். அவரையும் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன், அதிகாரி வந்தால் கேட்பது பதிவேட்டைத்தான், 'இந்தப் பிள்ளை ஏன் குதிரையைக் குதிர் என்றான்' என்று கேட்கிற அதிகாரி அபூர்வம். 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், ஏணிப்படியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பிள்ளைக்கே தெரியும் வசதி இருந்தது. அட்டையை முடித்த பிள்ளைக்கு அடுத்த அட்டை. அதிலும்கூட முடித்த அட்டைதான் பதிவானது, முடித்த விதம் பதிவாகவில்லை.

லண்டன் பதிவேட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கடைசிப் பகுதியை, அடுத்த ஆசிரியருக்கான குறிப்பை. பிள்ளை ஜூனில் வேறு வகுப்புக்கோ வேறு பள்ளிக்கோ போகும்போது நம்மிடம் கூடவே போவது மாற்றுச் சான்றிதழ். பெயர், பிறந்த தேதி இருக்கும். அடையாளம் காண மச்சமோ தழும்போ இரண்டு கேட்பார்கள். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்றிருக்கும். அந்தப் பிள்ளை கடைசியாக எந்தப் புஸ்தகத்தை விரும்பி வாசித்தது, எந்த இடத்தில் நின்று தானே திருத்திக்கொண்டது என்று எழுத அதில் இடம் கிடையாது. புது வாத்தியார் முதல் பாடத்தைத் திறந்து, முதல் பெஞ்சிலிருந்து வாசிக்கச் சொல்லித் தொடங்குவார்.