ஆபரேஷனுக்கு முன் வந்த காய்ச்சலை மறைக்காதீர்கள்

"எவ்வளவோ அலைந்து ஆபரேஷன் தேதி வாங்கியிருக்கிறோம். லேசான இருமல்தான், டாக்டரிடம் சொன்னால் தள்ளிப் போட்டுவிடுவார்." யானைக்கவுனி, ராயபுரம் வட்டாரக் குடும்பங்களில் இந்தப் பேச்சை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஸ்டான்லியில் தேதி கிடைப்பதும், தினக்கூலிக்காரர் வேலையை விட்டு வந்து படுப்பதும் எளிதல்ல. அந்தக் கவலை நியாயமானது. தவக்குல் வைத்துவிட்டோம் என்று மறைப்பவர்களும் உண்டு; ஒட்டகத்தைக் கட்டாமல் விட வந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில் அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

சீனாவின் வூஹானில் 2020 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 5 வரை நடந்ததைக் கவனியுங்கள். கொரோனா உடலில் நுழைந்தும் அறிகுறி வெளிப்படாத நிலையில் 34 பேருக்கு, முன்கூட்டியே தேதி குறித்த அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவர்களில் 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. 7 பேர் இறந்தனர். நுரையீரல் செயலிழப்போடு இதயத் துடிப்பு தாறுமாறாவது, இதயத் தசை சேதமடைவது ஆகியவையும் பதிவாயின. அது தடுப்பூசி இல்லாத காலம், எண்ணிக்கையும் சிறியது. ஆகவே இன்றும் ஐந்தில் ஒருவர் இறப்பார் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

காரணம் இதுதான். அறுவை சிகிச்சையே உடலுக்கு ஓர் அதிர்ச்சி. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. வைரஸும் இரத்தக் குழாய்களிலும் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கக்கூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், சர்க்கரை, பிரஷர் உள்ளவரின் இதயம் தாங்காமல் போகலாம். கொரோனா மட்டுமல்ல, ஃப்ளூ, டெங்குக் காய்ச்சல்களும் இதயத்தைப் பாதிப்பதுண்டு.

எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வில், தொற்று வராதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று கண்டறிந்த இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 4 சதவீதத்தை ஒட்டியிருந்தது. ஏழு வாரம் கடந்தபின் மீண்டும் 1.5-க்கே இறங்கியது. தடுப்பூசிக்குப் பிறகு நிலைமை மாறியதால், 2023-ல் பிரிட்டன் மயக்க மருத்துவர்கள் குறைந்தது இரண்டு வாரம் என்றும், அதற்கு மேல் ஆளைப் பொறுத்து முடிவெடுக்கலாம் என்றும் கூறினர். குடல்வால் வெடிப்பு போன்ற அவசரங்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. எதைத் தள்ளலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே கடந்த ஏழு வாரத்தில் வந்த காய்ச்சல், இருமல், வீட்டில் வேறு யாருக்காவது இருந்த காய்ச்சல், உம்ரா போய் வந்தது எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்த முதல் மூன்று நாள் கூடுதல் கவனம் தேவை. வலி மருந்தின் மயக்கத்தில் நெஞ்சுவலி தெரியாமலே இதயம் பாதிக்கப்படலாம். மூச்சுத் திணறல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, திடீர்க் குழப்பம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே நர்ஸை அழையுங்கள். ஈசிஜியும் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் எடுத்தால் இதயத்தின் நிலை தெரியவரும்.