ஹேண்டில்பார் சுருங்கி விரிஞ்ச கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரலை. வலது கையில மாவுக்கட்டு. ஒத்தைக் கையால தமிழ் தட்டச்சிப் பாருங்க, நம்ம மொழியில எத்தனை எழுத்துன்னு அப்பத்தான் தெரியும் :)

கொசுவத்தியைச் சுத்திடறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் ஒரு கராஜ் சேல்ல 40 டாலருக்கு மலை சைக்கிள் ஒண்ணு வாங்கினேன். தொண்ணூறுகள்ல வந்த மாடல், ஸ்டீல் ஃப்ரேம், 26 இஞ்ச் சக்கரம். தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஏரியைச் சுத்தி ஒழுங்கா ஓட்டிட்டு இருந்தவன், ஒரு ஞாயித்துக்கிழமை மலைப்பாதையில இறங்கினேன். ஒண்ணும் பெரிய சரிவு இல்லை. குறுக்கே மழைத்தண்ணி அறுத்த ஒரு சின்ன வாய்க்கால். முன் சக்கரம் அதுல இறங்கிச்சு, நான் ஹேண்டிலைத் தாண்டிப் போயிட்டேன். மணிக்கட்டுல விரிசல், ஆறு வாரம் கட்டு.

தூக்கி உட்கார வெச்சவர் ஒரு ரிட்டயர்டு பெரியவர். என்னைப் பார்த்து முடிச்சதும் சைக்கிளைப் பார்த்தார். "பாதி தப்பு உன்னோடது, பாதி இந்த ஸ்டெம்மோடது"ன்னார்.

ஸ்டெம்னா, ஃபோர்க் தண்டோட தலையையும் ஹேண்டில்பாரையும் சேர்க்கிற முழங்கை மாதிரித் துண்டு. வீட்டுக்கு வந்து இடது கையால டேப் புடிச்சு அளந்தேன். ஸ்டெம் 135 மில்லிமீட்டர். ஹேண்டில்பார் முனைக்கு முனை 560, அதாவது ரெண்டடிக்கும் கம்மி. இன்னைக்குக் கடையில நிக்கிற மலை சைக்கிள்ல ஸ்டெம் 35லேர்ந்து 50 வரைக்கும், பார் 760லேர்ந்து 800 வரைக்கும் இருக்கு. அப்போ இத்தனை வருஷம் எல்லாரும் தப்பாவா ஓட்டினாங்க? ஆறு வாரம் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு இந்தக் கேள்வி நல்ல தீனி.

விஷயம் என்னன்னா, ஆரம்பத்துல பார் அகலமாத்தான் இருந்திருக்கு.

எழுபதுகள்ல கலிஃபோர்னியாவோட மரின் கவுன்ட்டியில, டமால்பைஸ் மலையைச் சுத்தி ஒரு கூட்டம் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கிச்சு. முப்பது நாப்பதுகள்ல பசங்க ஓட்டின பலூன் டயர் வண்டிங்க. அதுக்குச் செல்லப் பேர் 'கிளங்கர்', நம்ம பாஷையில ஓட்டை வண்டி. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். 1976 அக்டோபர் 21ஆம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்துல ஒரு மண் ரோட்டுல முதல் பந்தயம் நடத்தினாங்க. சுமார் 2 மைல்ல 1,300 அடி இறக்கம். பின் சக்கரத்து கோஸ்டர் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைக்கணும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்'னு பேர். ஃபிஷரோட 4 நிமிஷம் 22 விநாடிதான் அங்க ரெக்கார்டு.

இந்த வண்டிங்கள்ல மாட்டினது மோட்டார் சைக்கிள் பாணி உயரமான, அகலமான பார். பிரேக் லீவரும் மோட்டார் சைக்கிளோடது. யாரும் கணக்குப் போட்டு மாட்டலை. இறங்கறப்ப கையில பிடி வேணும், அவ்வளவுதான். அப்புறம் டாம் ரிச்சி, ஸ்டெம்மையும் பாரையும் முக்கோணமா ஒரே துண்டா வெல்டு பண்ணி 'புல்மூஸ்'னு ஒண்ணு செஞ்சார். 1981ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பரை மொத்தமா தயாரிச்சு விக்க ஆரம்பிச்சப்ப அதுலயும் அந்த மாதிரிதான் பார். ரெண்டடிக்கு மேல அகலம்.

அப்புறம் ஏன் சுருங்கிச்சு? பந்தயத்தோட குணம் மாறினதாலதான்.

ரீபேக்ல மேலேர்ந்து கீழே வர்றதுதான் போட்டி. 1983ல நோர்பான்னு ஒரு அமைப்பு வந்து தேசிய அளவுல விதிகளோட பந்தயம் நடத்த ஆரம்பிச்சப்ப, முக்கியமானது சுத்திச் சுத்தி வர்ற கிராஸ் கன்ட்ரி. அதுல நேரம் கரையறது ஏத்தத்துல. ஏத்தத்துல ஜெயிச்சாப் பந்தயமே ஜெயிச்ச மாதிரி. ரோடு ரேஸ்லேர்ந்து வந்தவங்களும் நிறைய. ஃப்ரேமும் ரோடு சைக்கிள் கணக்குலயே வந்தது: மேல் குழாய் குட்டை, ஃபோர்க் கிட்டத்தட்ட 71 டிகிரியில நிமிர்ந்து நிக்கும். குட்டை ஃப்ரேம்ல உடம்பை நீட்டிப் படுக்கணும்னா ஒரே வழி, ஸ்டெம்மை நீட்டறது. நீட்டினா எடை முன் சக்கரத்து மேல விழும், ஏத்தத்துல முன்பக்கம் தூக்காது. நிமிர்ந்த ஃபோர்க்கோட படபடப்பையும் நீள ஸ்டெம் கொஞ்சம் அடக்கும். பார் குறுகலா இருந்தா எடை குறையும், மரங்களுக்கு நடுவுல நுழையலாம், காத்தும் கம்மியா அடிக்கும். ஏத்தத்துல புடிக்க முனையில ரெண்டு கொம்பு. பாரை ஹாக்ஸா பிளேடால அறுக்கறதே அப்ப ஒரு ஸ்டைல்.

ஆக, யாரும் முட்டாள்தனமா செய்யலை. ஏத்தத்துக்காக இறக்கத்தை வித்துட்டாங்க. என்னை மாதிரி, பந்தயம் பக்கமே தலைவெச்சுப் படுக்காத ஆளுக்கும் அதே வண்டியை வித்ததுதான் எனக்குக் கடுப்பு.

இந்த ரோடு மோகத்தோட உச்சம் ஜான் டோமாக். 1990ல கொலராடோவோட டுராங்கோவுல முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப். டோமாக் அதுக்கு வந்தது ரோடு சைக்கிள் மாதிரி கீழ வளைஞ்ச ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார்ல! அந்த வருஷம் ரோடு டீமுக்கும் சேர்த்து ஓட்டிட்டு இருந்தார், உடம்பு ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி உட்காரணும்னு அப்படி. அந்தப் படங்களைப் பார்த்தா இன்னைக்கும் சிலிர்க்கும், ஆனா நகல் எடுக்க ஆசை வராது. 1991ல இத்தாலியில அவர் கிராஸ் கன்ட்ரி உலக சாம்பியன் ஆனது சாதா நேர் பார்ல.

எனக்கு நடந்தது என்னன்னு இப்பப் புரியுது. நீள ஸ்டெம்ல கை ரொம்ப முன்னாடி இருக்கும், நெஞ்சும் கூடவே போகும். சரிவுல வண்டி முன்னால சாயறப்ப உடம்போட எடை முன் சக்கர அச்சை நெருங்கிடுது. சக்கரம் எங்கயாவது மாட்டினா அச்சை மையமா வெச்சு ஆள் சுத்தி விழ வேண்டியதுதான். குறுகின பார்னால நெம்புகோல் நீளமும் இல்லை. கல்லு சக்கரத்தைத் திருப்பறப்ப திருப்பி இழுக்கத் தெம்பு பத்தாது.

திரும்பி வந்த வழிதான் சுவாரசியம். 1989ல ராக்‌ஷாக்ஸ் சஸ்பென்ஷன் ஃபோர்க் விக்க ஆரம்பிச்சதும் வேகம் கூடிச்சு. 1992ல ஜான் ரேடருக்கு பேட்டன்ட் கிடைச்ச அஹெட்செட் முறை வந்ததும் ஸ்டெம் மாத்தறது சுலபமாச்சு. அதுக்கு முன்னாடி ஸ்டெம் மாத்தணும்னா ஒரு பக்கம் கிரிப், லீவர் எல்லாம் கழட்டி பாரை உருவி எடுக்கணும். கனடாவுல வான்கூவர் நார்த் ஷோர் ஆளுங்க ஈரக் காட்டுல மரப்பாலம் கட்டி செங்குத்தா இறங்க ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு 135ம் 560ம் சரிப்படுமா? மோட்டோகிராஸ் பாணி உயர்ந்த பார் மறுபடி வந்துச்சு.

ஃப்ரேமைத் தொட்டது யாருன்னா, நம்ம ரீபேக் கேரி ஃபிஷர். 1998ல அவர் கம்பெனி 'ஜெனிசிஸ்' ஜியோமெட்ரின்னு கொண்டு வந்துச்சு. மேல் குழாயை நீட்டு, ஸ்டெம்மைக் குறை. கை இருக்கிற இடம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா முன் சக்கரம் ஆளை விட்டுத் தள்ளி முன்னாடி போயிடுது. எனக்கு இந்தக் கதையிலேயே புடிச்ச இடம் இதுதான். ஸ்டெம் கோளாறுன்னு எல்லாரும் நெனச்சது நிஜத்துல ஃப்ரேம் கோளாறு. ஸ்பெயினோட மோண்ட்ரேக்கர் 2013 மாடல்கள்ல இதையே எல்லைக்கு இழுத்து, ஃப்ரேமை நீட்டி 10 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டாங்க. சிரிச்சவங்க நிறைய. அவ்வளவு குட்டை ஸ்டெம் நிலைக்கலை, ஆனா நீள ஃப்ரேம் எல்லார்கிட்டயும் வந்துடுச்சு.

கட்டு பிரிச்சதும் இது எதையும் மண்டையில ஏத்திக்காம, நேரா 50 மில்லிமீட்டர் ஸ்டெம்மும் 780 பாரும் வாங்கி மாட்டினேன். இறக்கம் சொர்க்கம். ஏத்தத்துல முன் சக்கரம் கன்னுக்குட்டி மாதிரி அலைஞ்சது, திரும்பினா முட்டி பார்ல இடிச்சது. ஃப்ரேம் குட்டைங்க, ஸ்டெம்மை மட்டும் குறைச்சா நான் எங்க போய் உட்கார்றது!

இப்ப 90 மில்லிமீட்டர் ஸ்டெம். பழைய பாரோட நடுப்பகுதி 25.4 தடிமன், புதுசு 31.8, அதனால ஸ்டெம்மும் அதுக்கேத்ததா வாங்கணும், மறந்துடாதீங்க. பாரை இன்னும் அறுக்கலை. கிரிப்பையும் லீவரையும் மட்டும் உள்ள தள்ளி 680க்கு வர்ற மாதிரி புடிச்சு ஓட்டறேன். ரெண்டு பக்கமும் வெறும் பார் நீட்டிட்டு நிக்குது, பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு. போன வாரம் அதே வாய்க்கால்ல இறங்கிப் பார்த்தேன், தாண்டிடுச்சு. இன்னும் ரெண்டு ஞாயிறு 680, அப்புறம் 700 வெச்சுப் பார்த்துட்டுதான் பிளேடை எடுக்கணும்.