பிறவாதவர்களை வணங்கிய பாண்டியன்

ஊர்ப்பெயர்களைச் சற்று நின்று கேட்டால் அவை வரலாறு பேசும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடையநல்லூர் வட்டாரத்தில் அச்சன்புதூர் என்றோர் ஊர் உண்டு. அதற்குத் தெற்கே சில மைல் தொலைவில் தென்காசி. இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'புதூர்' என்பது பழைய இடத்தை விட்டுப் பெயர்ந்து வந்தவர்கள் புதிய இடத்துக்கு வைக்கும் பெயர். எத்தனை தலைமுறைகள் கடந்தாலும் தமிழ்நாட்டின் புதூர்கள் பழையூர்கள் ஆவதில்லை. தொடங்கிய நாளின் நம்பிக்கை பெயரிலேயே உறைந்து கிடக்கிறது. 'தென்காசி'யோ தொலைவில் இருக்கும் வேறொரு நகரை நினைந்து ஏங்கி வைத்த பெயர். ஒன்று முன்னோக்குகிறது, மற்றொன்று பின்னோக்குகிறது.

பின்னோக்கும் ஏக்கம் மனிதரை வாழவைக்குமா, முடக்கிப் போடுமா என்பது நெடுநாளையக் கேள்வி. 1688-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சொந்த ஊரை நினைந்து நினைந்து உடல் நலிந்தவர்களைப் பற்றி ஆய்வேடு ஒன்று எழுதினார். வீடு திரும்புதல், வலி ஆகிய பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்று அந்நோய்க்குப் பெயரிட்டார். இன்று நாம் இனிமையாகச் சொல்லித் திரியும் அச்சொல், பிறந்தபோது ஒரு பிணியின் பெயர். ஹோஃபருக்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஏக்கத்தைப் பிணியாக விடாமல் கல்லாக எழுப்பிக் காட்டிய ஒரு மன்னனின் கதை தென்காசியில் இருக்கிறது.

பாண்டியர் மதுரையை இழந்த வரலாறு நாமறிந்ததே. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு. பின்னர் சுமார் நாற்பது ஆண்டுக்கால மதுரை சுல்தான்களின் ஆட்சி. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குமார கம்பணன் வழியாக விசயநகரத்தின் ஆதிக்கம். சங்கப் புலவர்கள் பாடிய கூடல் மாநகர் பாண்டியர் கைக்கு நிலையாகத் திரும்பவே இல்லை. தெற்கே நகர்ந்த அக்குடியின் ஒரு கிளை, பொதிய மலைச் சாரலும் குற்றால அருவியும் சூழ்ந்த இந்நிலத்தில் தங்கியது. 1422-இல் அரியணை ஏறிய சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் அக்கிளையின் பெருமகன்.

இவன் 1446-இல் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். இதற்கு ஊரார் சொல்லும் கதை ஒன்றுண்டு. காசிக்குக் கால்நடையாகப் புறப்படும் தென்னாட்டு அடியார்கள் பலர் வழியிலேயே மாண்டு போகின்றனர். அவர்கள் பொருட்டுத் தெற்கே ஒரு காசி அமைக்குமாறு இறைவன் மன்னனின் கனவில் பணித்தான். எறும்புகள் ஊர்ந்து சென்ற வழியைப் பின்தொடர்ந்த மன்னன் ஆற்றங்கரையில் சிவலிங்கத்தைக் கண்டான் என்பது கதை. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும் அதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. எட்டமுடியாத இடத்துக்காக ஏங்கி வழியில் மடிவதைவிட, அவ்விடத்தின் சாரத்தை நிற்கும் மண்ணிலேயே நட்டுவிடலாம் என்பதே அது. மதுரையை இழந்த குடி இக்கதையைப் போற்றியதில் வியப்பென்ன?

பராக்கிரமன் துறவியல்லன். சேரரை வென்றதாக மெய்க்கீர்த்தி பொறித்துக்கொண்ட போர்வீரன்தான். ஆனால் தென்காசிக் கோயிலில் அவன் பெயரால் உள்ள செய்யுட் கல்வெட்டுகளுள் ஒன்று, எந்த வெற்றிப் பட்டியலையும் மறக்கச் செய்வது. அதன் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். இக்கோயிலுக்கு வரக்கூடாத கேடு ஏதேனும் ஒரு காலத்தில் வந்துவிட்டால், அப்போது முன்வந்து அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும், அவரை உலகறிய இன்றே நான் பணிகிறேன் என்கிறான் மன்னன்.

கல்வெட்டுப் பயிற்சியுடைய வாசகர்கள் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். தருமத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று முடியும் வாசகம் பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே உண்டல்லவா? உண்டு. அறத்துக்கு அழிவு செய்வோர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்னும் சாபமும் உண்டு. வணக்கமும் மிரட்டலும் அக்காலச் சாசனங்களின் வாய்பாடுகள். பராக்கிரமன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தான் என்று நான் சொல்லவரவில்லை. வாய்பாட்டை அவன் வாக்குமூலமாக மாற்றினான் என்பதே என் துணிபு. தன் கோயில் என்றும் நிற்கும் என்று அவன் பெருமையடிக்கவில்லை. அது சிதையக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறான். தலைநகரே கைவிட்டுப் போன குடியில் பிறந்தவனுக்குக் கட்டடங்களின் ஆயுள் நன்றாகத் தெரிந்திருக்கும். இழப்பை அறிந்தவன் மட்டுமே இப்படி எழுத முடியும். 'எவராயினும்' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். என் மகன் என்றோ, என் குலத்தார் என்றோ அவன் வரையறுக்கவில்லை. குலம் நிலைக்கும் என்ற உறுதி அவனிடம் இல்லை; மனிதர் வருவர் என்ற உறுதி இருந்தது.

நம்பிக்கை என்பது இதுதான் என்று தோன்றுகிறது. கேடு வராது என்று எண்ணுவது அசட்டுத் துணிவு. கேடு வந்த பின்னும் கை கொடுக்க ஒருவர் வருவார் என்று எண்ணி, அவருக்காக இன்றே வேலையைத் தொடங்குவது நம்பிக்கை. இராசகோபுரத்துக்கு 1457-இல் அடிக்கல் இட்ட பராக்கிரமன் 1463-இல் மறைந்தான். கோபுரம் அவன் காலத்தில் முடியவில்லை; அவன் தம்பி குலசேகர பாண்டியன் பணியைத் தொடர்ந்து முடித்தான் என்பர்.

ஒரு நூற்றாண்டு கழிந்து, 1564-இல் அதே தென்காசியில் அரியணை ஏறியவன் அதிவீரராம பாண்டியன். அரசியல் வலிமை அப்போது மிகச் சுருங்கிவிட்டது. மதுரையில் நாயக்கர் ஆட்சி. இவன் வடமொழிக் கதையைத் தழுவி 'நைடதம்' பாடினான். நாட்டை இழந்து காட்டில் அலைந்து, பின் மீண்ட நளனின் கதை அது. இழந்த குடியில் வந்த மன்னன் இக்கதையைத் தேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. 'காசி காண்டம்' பாடியவனும் இவனே. கோயிலாக வந்த காசி இப்போது தமிழ்ச் செய்யுளாகவும் வந்துவிட்டது. நைடதம் புலவர்க்கு ஔடதம் என்ற சொலவடையை நாமறிவோம். ஹோஃபர் பிணி என்றதை நம்மவர் மருந்தாக்கிக்கொண்டனர் போலும்! இவன் இயற்றிய 'வெற்றிவேற்கை' திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் பன்னெடுங்காலம் வாழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியரின் அரசு மறைந்தது, அந்நூல் மறையவில்லை.

இனி அந்தச் செய்யுள் சொன்ன 'கேடு'. அது வந்தது. ஒன்பது நிலை கொண்ட கோபுரம் சிதைந்து, மேல்நிலைகளை இழந்து மொட்டையாய் நெடுங்காலம் நின்றது. ஐரோப்பாவிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஜெர்மனியின் கொலோன் பேராலயம் 1248-இல் தொடங்கப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் பணி நின்று, முற்றுப்பெறாத கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கியுடனேயே முந்நூறு ஆண்டுகள் கிடந்து, 1880-இல்தான் நிறைவுற்றது. இரண்டு ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் குறைப்பட்ட கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்திருப்பர். குறை கண்ணெதிரே இருந்ததே நல்லதாயிற்று. இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தால் ஊர் மறந்திருக்கும்.

தென்காசிக் கோபுரம் மீண்டும் ஒன்பது நிலைகளுடன், ஏறத்தாழ 180 அடி உயரத்தில் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. 'தினத்தந்தி' அதிபர் சிவந்தி ஆதித்தனார் அத்திருப்பணியில் முன்னின்றார். பாண்டியர் குலம் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. சாரமேறிய கொத்தனாரும் சுதை பூசிய சிற்பியும் சுண்ணாம்பு சுமந்த பெண்களும் தாங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வணங்கப்பட்டவர்கள் என்று அறிந்திருந்தனரா? அறிந்தோ அறியாமலோ அவர்களே மன்னனின் 'எவராயினும்'.

ஏக்கம் மட்டும் இருந்திருந்தால் பராக்கிரமன் மதுரைக்காகப் போரிட்டே மடிந்திருப்பான். மிஞ்சியிருப்பவை சில நடுகற்கள். நம்பிக்கை மட்டும் இருந்திருந்தால், எதைக் கட்டுவதென்ற பொருளின்றி ஏதோ ஒரு கட்டடம் எழுந்திருக்கும். பழைய நினைவு எதைக் கட்டுவது என்று சொன்னது. நம்பிக்கை யாருக்காக என்று சொன்னது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வாழ்க்கைக்குப் பொருள் பிறக்கிறது. நம் காலத்தில் பழம்பெருமை பேசுவோர்க்குக் குறைவில்லை. அப்பேச்சு இன்னும் பிறவாத ஒருவருக்கு எதையேனும் கட்டி வைக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும்; பதர் எது, நெல் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்த சாரல் பருவத்தில் குற்றாலம் செல்லும் நண்பர்கள் அருவியோடு திரும்பிவிடாமல் தென்காசிக் கோபுர வாயிலில் சிறிது நேரம் நில்லுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று வேட்டியைப் பறிக்கும். நிமிர்ந்து கோபுரத்தைப் பாருங்கள். பின்பு, நாம் எவருக்காக எதை விட்டுச் செல்கிறோம் என்று ஒரு கணம் எண்ணுங்கள். ஒரு மன்னன் நம்மையும் சேர்த்துத்தான் வணங்கி வைத்திருக்கிறான். அந்த வணக்கத்துக்கு நாம் பதில் வணக்கம் சொல்ல வேண்டாமா?