கடுகிலும் சிறிய குண்டு

எழுதுபொருள் கடையில் பேனா வாங்குகிறவர்களைக் கவனித்துப் பார்ப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு. கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுகிறார். வாங்க வந்தவர் அதில் தம்முடைய கையெழுத்தைப் போட்டுப் பார்க்கிறார். ஆயிரம் தடவை போட்டுப் பழகிய கையெழுத்து. எந்தப் பேனாவிலும் அழகாகத்தான் விழும். திருப்தியோடு காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் பேனாவைச் சோதிக்கவில்லை. தம் கையெழுத்தை ஒருமுறை ரசித்துக்கொண்டார், அவ்வளவுதான்!

விலை மலிந்த பால்பாயின்ட் பேனாவில் நல்லது எது, கெட்டது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை அதன் சரித்திரத்தில் இருக்கிறது. இந்தப் பேனா வர்க்கத்தில் வெகு மோசமானவை என்று பெயர் வாங்கியவை மிகுந்த விலைக்கு விற்றவை. நல்லவை வந்தது விலை சரிந்த பிறகு. சாமான்களின் சரித்திரத்தில் இது சற்று அபூர்வமான சங்கதி.

முதலில் பேனாவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். முனையில் ஒரு சிறு கிண்ணம். அதற்குள் ஒரு குண்டு. சாதாரணமாக அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. கடுகு அதைவிடப் பெரிது. குண்டு உருளும்போது உள்ளிருக்கும் மையைப் பூசிக்கொண்டு வந்து காகிதத்தில் தடவுகிறது. எழுதாத வேளையில் அதே குண்டுதான் பாட்டிலுக்குக் கார்க்கு மாதிரி மையை அடைத்து வைக்கிறது. கிண்ணம் சற்றே அகலமானால் மை கசியும். சற்றே இறுகினால் குண்டு உருளாது. இந்த 'சற்றே' என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டு, அதில் சில கூறுகள்.

ஜான் லௌட் என்ற அமெரிக்கர் 1888-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பேனா ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். தோல் போன்ற முரட்டுப் பொருள்களில் குறி போட அது உதவியது. கடிதம் எழுத உதவவில்லை. பிறகு எத்தனையோ பேர் முயன்று பார்த்தார்கள். குண்டு கிடைத்தால் அதற்கேற்ற மை கிடைக்கவில்லை.

மையைக் கண்டவர் லாஸ்லோ பீரோ. (பீரோ என்றதும் நமக்கு இரும்பு அலமாரிதான் நினைவுக்கு வரும், இங்கிலாந்தில் அந்தப் பெயரே பேனாவுக்குப் பெயராகிவிட்டது.) 1899-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்த பத்திரிகையாளர். பௌண்டன் பேனாவின் மை காய்வதற்குள் கை பட்டு எழுத்து இழுபடுவது எழுத்துத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த வேதனை. அச்சகத்து மை மட்டும் காகிதத்தில் பட்டவுடன் காய்ந்துவிடுகிறதே என்று பீரோ யோசித்தார். ஆனால் அந்தக் குழம்பு மை நிப்பு வழியாக இறங்காது. ஆகவே குண்டைப் பிடித்தார். மையின் பக்குவத்தைப் பார்த்துக்கொண்டவர் ரசாயனம் அறிந்த அவருடைய சகோதரர் கியோர்கி.

1938-இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டமும் வந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த பீரோ நாட்டை விட்டுக் கிளம்பி, அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 1943 ஜூன் 10-ஆம் தேதி புதிய காப்புரிமை பெற்றார். உயரத்தில் பறக்கும்போது பௌண்டன் பேனா ஒழுகிச் சட்டையைப் பாழாக்கியதால், பிரிட்டிஷ் விமானப் படைக்கு முப்பதாயிரம் குண்டுப் பேனாக்கள் வேண்டியிருந்தன. பீரோ பிறந்த செப்டம்பர் 29-ஐ அர்ஜென்டினாவில் இன்றும் கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இனி மில்டன் ரெனால்ட்ஸ் என்ற சிகாகோ வியாபாரியின் கதை. நாவலில் வைத்தால் மிகை என்பார்கள். 1945-இல் பியூனஸ் அயர்ஸில் பீரோவின் பேனாவைப் பார்த்தார். ஊர் திரும்பினார். காப்புரிமையில் சிக்காதபடி அமைப்பைக் கொஞ்சம் மாற்றினார். சில மாதங்களுக்குள், 1945 அக்டோபர் 29-ஆம் தேதி, நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் தம் பேனாவை விற்பனைக்கு வைத்தார். விலை பன்னிரண்டரை டாலர்! அந்நாளில் பெயர் பெற்றிருந்த பார்க்கர் 51 பேனாவின் விலை அது. தண்ணீருக்கு அடியிலும் எழுதும், இரண்டு வருஷம் மை நிரப்ப வேண்டாம் என்று விளம்பரம். முதல் நாளே ஏறக்குறைய பத்தாயிரம் பேனாக்கள் போயின. கூட்டத்தை அடக்கப் போலீஸ் வந்தது. தண்ணீருக்கு அடியில் யாருக்கு என்ன எழுத வேண்டியிருந்தது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வாங்கியவர்கள் தரையில் உட்கார்ந்து எழுதியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பேனா ஒழுகியது, விட்டு விட்டு எழுதியது, சில சமயம் எழுதவே மறுத்தது. ரெனால்ட்ஸ் கலங்குகிற ஆசாமி அல்ல. 1947-இல் விமானத்தில் ஏறி 79 மணி நேரத்துக்குள் உலகத்தைச் சுற்றி வந்து அதற்கும் விளம்பரம் தேடிக்கொண்டார். ஆனால் பேனாவின் விலை மூன்றே ஆண்டுகளில் அரை டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜனங்கள் பழையபடி மைக்கூட்டைத் தேடிப் போனார்கள்.

இந்தப் பெயர் கெட்ட பேனாவைக் கைதூக்கி விட்டவர்களில் முதல்வராக மார்செல் பிக் என்பவரைத்தான் நான் சொல்வேன். பாரிஸை அடுத்த கிளிஷியில் பேனாவுக்கு உறுப்புகள் செய்யும் சிறு தொழிற்சாலை வைத்திருந்தார். அவர் விளம்பரத்தில் தொடங்கவில்லை, குண்டில் தொடங்கினார். ஸ்விட்ஸர்லாந்தில் கைக்கடிகாரத்துக்கு உறுப்பு கடையும் இயந்திரங்களைக் கொண்டு முனையைக் கடைந்தார். 1950 டிசம்பரில் பிக் கிறிஸ்டல் வந்தது. மை எவ்வளவு மிச்சம் என்று தெரியும்படி கண்ணாடி போன்ற உடல். மேஜையிலிருந்து உருண்டு விழாதபடி ஆறு பட்டை. உள்ளும் புறமும் காற்றின் அழுத்தம் சமமாக இருக்கும்படி உடலில் ஓர் ஊசித் துவாரம். 1961-இல் எஃகுக் குண்டுக்குப் பதிலாக, எளிதில் தேயாத டங்ஸ்டன் கார்பைடு குண்டு. அலங்காரம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. 2006-க்குள் பத்தாயிரம் கோடி பேனாக்கள் விற்றுவிட்டன.

ஆனாலும் மதிப்பு உடனே வந்துவிடவில்லை. வெளிச்சத்தில் மை மங்கிவிடும், கையெழுத்தைப் பிரதி எடுத்துவிடலாம் என்று வங்கிக்காரர்கள் பயந்தார்கள். ஆரம்பகால மையைப் பொறுத்தவரை பயம் நியாயமானதுதான். பள்ளிக்கூடங்களின் பயம் வேறு: கையெழுத்து கெட்டுவிடுமாம். பிக் கிறிஸ்டல் பிறந்த பிரான்ஸ் தேசத்திலேயே 1965-இல்தான் பள்ளிகளில் அனுமதி கிடைத்தது. நம் ஊரிலும் இதே காரணம் சொல்லிப் பிள்ளைகளின் கையிலிருந்து இந்தப் பேனாவைப் பிடுங்கிய வாத்தியார்கள் உண்டு. என்னுடைய அபிப்பிராயம், மட்டக் காகிதத்தில் எழுத வேண்டிய ஏழைப் பிள்ளைக்கு இது பெரிய உபகாரம் செய்தது என்பதே. பௌண்டன் பேனா மை அந்தக் காகிதத்தில் வேர் விட்டுப் படரும்; குண்டின் மை படராது.

முனைதான் எல்லாம் என்பதற்கு இன்னும் ஒரு சாட்சி. ஆண்டுக்கு 3,800 கோடி பேனாக்கள் செய்துகொண்டிருந்த சீனாவால், அந்த முனைக்கு வேண்டிய எஃகை வெகு காலம் சொந்தமாகச் செய்ய முடியவில்லை. ஜப்பான் முதலிய இடங்களிலிருந்து வரவழைத்தார்கள். பிரதமர் லீ கெச்சியாங் 2016-இல் இதைப் பகிரங்கமாகச் சொல்லி வருந்தினார். மறு வருஷம் தைய்யுவான் நகரத்து எஃகு ஆலை அதைச் செய்து காட்டியது. விண்வெளிக்கு மனிதனை அனுப்பிய தேசம் அது!

ஆகவே கடைக்குப் போனால் உடலின் வர்ணத்தைப் பார்க்க வேண்டாம். கையெழுத்தும் போட வேண்டாம். புதுப் பேனாவின் முனையில் மெழுகு ஒட்டியிருக்கலாம். முதல் ஒன்றிரண்டு கோடுகள் விழாவிட்டால் மன்னித்துவிடுங்கள். பிறகு எட்டு என்ற எண்ணை, கையை எடுக்காமல் இருபது முப்பது தடவை சுழற்றிப் போடுங்கள். வளைவு முடிகிற இடத்தில் மைப் பொட்டு விழுந்தால் கிண்ணம் தளர்ந்திருக்கிறது. கோட்டின் நடுவே வகிடு எடுத்தாற்போல் வெள்ளை தெரிந்தால் குண்டு முழுவதும் மை பூசிக்கொள்ளவில்லை. அடுத்து மிக மெதுவாக, அழுத்தாமல், ஒரு நேர்க்கோடு. அது அறுபடக் கூடாது. உடனே விரலால் தேய்த்துப் பாருங்கள். பத்திரத்துக்கும் காசோலைக்கும் வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 12757-2 என்ற குறி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிச்சம், தண்ணீர், சாராயம், அமிலம், சலவைத் தூள் ஆகியவற்றை மை தாங்குகிறதா என்று பார்த்துத் தரும் தரம் அது. கடைசியாக, மூடியைக் கழற்றிப் பத்து நிமிஷம் அப்படியே வைத்திருந்து, முதல் எழுத்திலேயே மை வருகிறதா என்று பாருங்கள்.

அதற்குள் கடைக்காரரின் முகம் மாறத் தொடங்கியிருக்கும். இரண்டு பேனாவாக வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.