வேலிகாத்தான்

‘சீமா’ என்ற வடசொல்லுக்கு எல்லை என்று பொருள். தமிழில் சீமையாகி, எல்லைக்கு உட்பட்ட நிலத்தையே குறிக்கத் தொடங்கியது. சிவகங்கைச் சீமை, மறவர் சீமை என்று சொல்வது அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தச் சொல் கப்பலேறிவிட்டது. சீமை என்றால் இங்கிலாந்து. பிறகு கடல் கடந்து வந்ததெல்லாம் சீமைச் சரக்கு. மண்ணெண்ணெய் சீமை எண்ணெய் ஆயிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்போட்டாவைச் சீமை இலுப்பை என்றார்கள், வண்டுகொல்லியைச் சீமை அகத்தி என்றார்கள். தெரிந்த மரத்தின் பெயருக்கு முன்னால் சீமையைச் சேர்த்தால் தெரியாத மரத்துக்குப் பெயர் தயார்.

சீமைக் கருவேலமும் அப்படிப் பெயர் பெற்றதுதான். தெரிந்த மரம், நம் கருவேலம். ஆலோடு சேர்த்துப் பல்லுக்கு உறுதி என்று பழமொழி சொல்கிற வேல். பட்டை தோல் பதனிட, கட்டை கலப்பைக்கு, நெற்று ஆட்டுக்கு. அதன் பங்காளிகள் வெள்வேலும் குடைவேலும். வெள்வேலின் பட்டை ஊறலில் போட உதவியது. பட்டைச் சாராயத்தின் பெயரில் இருப்பது அந்தப் பட்டைதான். இப்படி வீட்டுக்காரர்களாகப் புழங்கிய மரங்களின் நடுவே வந்து சேர்ந்தது புதியது.

அதன் ஊர் மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. சுவீடன் தாவரவியலாளர் ஓலோஃப் சுவார்ட்ஸ் 1788-இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் ‘ஜூலிஃப்ளோரா’ இருக்கிறது. வால் போல நீண்ட பூங்கொத்து என்பது அதன் கருத்து. யாரோ ஜூலியின் நினைவாக வைத்தது என்று நினைக்க வேண்டாம். 1876-இல் சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் ஜமைக்காவிலிருந்து விதை கேட்டு எழுதினார். தாது வருஷப் பஞ்சம் நாட்டை அரித்துக்கொண்டிருந்த 1877-இல், கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஒரு மரம் வேண்டும் என்பதே நோக்கம். கமலாபுரம் இருக்கும் பகுதிக்கு இன்று ராயலசீமை என்று பெயர். ஆக, சீமை மரம் இந்தியாவில் வேர்விட்டதும் ஒரு சீமையில்தான்.

பிறகு இதைப் பல மாநிலங்களில் அரசுகளே பரப்பின. தெலுங்கில் இதைச் சர்க்கார் தும்மா, அதாவது அரசாங்க வேல் என்பார்கள். கன்னடத்தில் பள்ளாரி ஜாலி. குஜராத்தியில் காண்டோ பாவள், பைத்தியக்கார வேல். கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியை இது எப்படி விழுங்கியது என்று பார்த்தவர்கள் அந்தப் பெயரில் குறை காண மாட்டார்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இது டெல்லி முள். டெல்லிக்காரர்களைக் கேட்டால் விலாயதி கீக்கர் என்கிறார்கள், அதாவது சீமை வேல். நாம் டெல்லியைக் கைகாட்ட, டெல்லி சீமையைக் கைகாட்டுகிறது. ‘விலாயத்’தும் அரபியில் ஆட்சிப் பகுதி என்று தொடங்கி, இந்துஸ்தானியில் அயல்நாடாகி, இங்கிலாந்தில் போய் நின்ற சொல். சீமை நடந்த அதே பாதை.

தெரிந்த மரத்தின் பெயரைத் தெரியாததற்கு வைக்கும் வேலையை ஸ்பானியர்களும் செய்திருக்கிறார்கள். பெருவில் இந்த இனத்து மரங்களைக் கண்டதும் தங்கள் ஊர்க் காராப் மரத்தின் பெயரையே வைத்து அல்கரோபோ என்றார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கும் சொந்தமில்லை. அல்-கர்ரூப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

இத்தனை பெயர்களில் எனக்கு நேர்மையானதாகப் படுவது நம் கிராமத்துப் பெயர்தான்: வேலிகாத்தான். மற்றப் பெயர்களில் பல, மரம் எங்கிருந்தோ யாராலோ வந்தது என்று சொல்லிக் கைகழுவுகின்றன. இது மட்டும், நாம் வேலைக்கு வைத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்கிறது. வேலிக்கு முள் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், இரண்டையும் தண்ணீர் ஊற்றாமலே தந்தது. காவலுக்கு வைத்தவன் வீட்டுக்குள் வந்தது எப்படி? நெற்று இனிப்பு. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறி, எரு சகிதம் முளைக்கும். வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். உவர் மண்ணும் அதற்கு ஒரு பொருட்டில்லை. கண்மாய், வரத்துக்கால், தரிசு என்று இறங்கியது. அதன் அடியில் புல் சரியாக எழாது. மேய்ச்சல் நிலம் போயிற்று. கென்யாவின் பரிங்கோ பகுதி மக்கள், இந்த நெற்றைத் தின்று பல் இழந்த ஆட்டை நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள்.

ஆனால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் இதைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அங்கே கஞ்சி ஊற்றியது கரிமூட்டம். கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி, உள்ளுக்குள் நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியெடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டினால் மரம் மறுபடி தழைத்து நிற்கும். விதைப்புச் செலவில்லாத வெள்ளாமை. அதற்கு ஈடான பிழைப்பைக் காட்டாமல் வேரோடு பிடுங்கு என்பது பட்டணத்து யோசனை.

பிடுங்கும் உத்தரவுகளும் வந்துவிட்டன. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அதை எதிர்த்தும் வழக்குகள் நடந்தன. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்டுவது சரி, ஆனால் பேச்சுவழக்கில் சீமை உதிர்ந்து வெறும் ‘கருவேல்’, ‘கருவை’ என்று இரண்டு மரமும் ஒரே பெயரில் நிற்கின்றன. ஒப்பந்தக்காரரின் பொக்லைனுக்கு வேறுபாடு தெரியாது. இராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். ‘கருவேலை அகற்று’ என்று ஒரு வரி எழுதினால் அவையும் விழும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை; நெற்று மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் வால். நெற்று முற்றினால் மஞ்சளாகி நீளமாகத் தொங்கும். உங்கள் ஊர்க் கண்மாயில் இயந்திரம் இறங்குகிற நாளில், பூவையோ நெற்றையோ ஒரு கொத்துப் பறித்து ஓட்டுநரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.