எண்ணப்பட்டவர்களும் எழுதப்பட்டவர்களும்

வேலூருக்குத் தெற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அமிர்தி. வனத்துறையின் சிறிய விலங்குக் காட்சிசாலையை முன்னிட்டுத்தான் பலரும் அதை அறிவார்கள். இதற்கு மேற்கே பாலாற்றங்கரையில், தோல் தொழிலால் வளர்ந்த ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. இந்த ஊர்களில் 1891இல் வாழ்ந்த ஒரு குடும்பத்தை, அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? தம் முன்னோரைத் தேடப் புறப்படும் பலரும் முதலில் கேட்கும் கேள்வி இது.

முடியாது என்பதே விடை. அன்று கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதல்ல காரணம். மிகுந்த ஒழுங்குடனேயே நடந்தது. சென்னை மாகாணத்தில் முதல் முழுக் கணக்கெடுப்பு 1871இல் டபிள்யூ. ஆர். கார்னிஷ் பொறுப்பில் நடந்தது. இந்தியா முழுவதும் ஒரே நாளில் எண்ணும் முறை 1881 பிப்ரவரி 17 அன்று தொடங்கியது. முன்னதாகவே வீடுகளுக்கு எண் இட்டு, படிவங்களை நிரப்பி வைத்துக்கொண்டு, குறித்த இரவில் வீடு வீடாகச் சென்று சரிபார்த்தார்கள். கர்ணம், மணியக்காரர், பள்ளி ஆசிரியர் போன்றோரே எண்ணுபவர்கள். 1891இல் மாகாணக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த எச். ஏ. ஸ்டூவர்ட்தான், காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டையும் பின்னர் திருத்தி விரித்தவர். இந்தப் பகுதியை அவரளவு அறிந்த அதிகாரிகள் சிலரே இருந்திருப்பார்கள்.

ஆனால் படிவத்தில் இருந்த பெயர் அட்டவணைக்குத் தேவைப்படவில்லை. சமயம், சாதி, வயது, தொழில், எழுத்தறிவு எனப் பிரித்துக் கூட்டிய பிறகு படிவங்களை அழித்துவிட்டார்கள். அச்சேறிய தொகுதிகள் மட்டும் மிஞ்சின. அந்தப் படிவங்கள் தப்பியிருந்தாலுங்கூட நம் குடும்பங்களின் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லத் தயங்குவோர் இருந்தால், பெயருக்குப் பதிலாகப் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கு விதியே இருந்தது.

அப்படியானால் அச்சுத் தொகுதிகளால் பயனில்லையா? உண்டு, அவை வேறு வகையான செய்தியைச் சொல்கின்றன. வட ஆர்க்காடு மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 20 லட்சம் பேர். 1881இல் ஏறத்தாழ 18 லட்சம். பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் இரண்டு லட்சம் குறைந்திருக்கிறார்கள் என்றால் இடையில் என்ன நடந்தது? 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சம் நடந்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தபோது, அது உயிர்தாங்கப் போதாது என்று எழுதி எதிர்த்தவர் அன்றைய சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ். ஆறாண்டுகளுக்கு முன் தாம் எண்ணிய மக்களுக்காகவே அவர் வாதாட நேர்ந்தது. பஞ்சம் ஓய்ந்த 1878இல், பாதித்த மாவட்டங்களின் தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மறுபடியும் எண்ணிப் பார்த்து இழப்பை மதிப்பிட்டார்கள். மக்கள்தொகை மதிப்பீடு என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் கலை, அன்று இம்மண்ணில் இறந்தவர்களை எண்ணப் பயன்பட்டது.

இத்தொகுதிகளைப் புரட்டுவோர் எல்லைகளையும் கவனிக்க வேண்டும். 1911 வரை சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காட்டில் இருந்தன. அதே காலம்வரை வாணியம்பாடி சேலம் மாவட்டத்துத் திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. ஆகவே 1901இல் ஆம்பூரை ஒரு மாவட்டத்திலும், பக்கத்து ஊரான வாணியம்பாடியை இன்னொரு மாவட்டத்திலும் தேட வேண்டும். 1989இல் வட ஆர்க்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. இன்று ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்து ஊர். 1901இல் ஏறத்தாழ 16,000 பேர் இருந்த ஆம்பூர் 2011இல் 1,14,608 ஆனது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்திலிருந்து காலணி ஏற்றுமதி வரையிலான வரலாறு இந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறது. மனிதர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை.

பெயர் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது இங்கிருந்து கடல் கடந்து இருக்கிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகவே சென்றார்கள். அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எனக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அப்பட்டியல்கள் அழியவில்லை. மொரீசியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம், அங்கு சென்றோரின் ஆவணங்களைப் புகைப்படங்களோடு காத்து வருகிறது.

இதில் உள்ள விந்தையை எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு சகோதரர்கள். பஞ்சத்தில் ஒருவன் கப்பல் ஏறுகிறான். மற்றவன் ஊரிலேயே தங்குகிறான். போனவனின் பேரப்பிள்ளைகள் டர்பனில் அவனுடைய எண்ணைச் சொல்லி அவன் பிறந்த கிராமத்தின் பெயரைப் பெறலாம். தங்கியவனின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு 18 லட்சம் என்ற கூட்டுத்தொகையே கிடைக்கிறது. போனவன்மீது அரசுக்கு அன்பு அதிகம் என்பதல்ல. அவன் கணக்குக் காட்டப்பட வேண்டிய உழைப்பு. ஓடிப்போனால் அடையாளம் சொல்ல வேண்டிய உடல். தங்கியவன் வரிக்கும் பஞ்சத்துக்கும் உரிய ஒரு தொகையின் பகுதி.

இங்கிலாந்து தன் மக்களின் 1921ஆம் ஆண்டுப் படிவங்களை நூறாண்டு பூட்டி வைத்து 2022இல் திறந்தது. அமெரிக்கா 72 ஆண்டு காத்திருந்து 1950ஆம் ஆண்டுப் படிவங்களை அதே 2022இல் வெளியிட்டது. அயர்லாந்திலோ 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போரின்போது காகிதக்கூழாயின. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, இந்தப் பதிவுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை என்கிறது. நீதிமன்றத்தில் சான்றாகவும் கொள்ள முடியாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திறக்கலாம் என்ற காலவரம்பு அதில் இல்லை.

நூறாண்டு கழித்துத் திறந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. நாமும் அதையே கேட்கிறோம். ஆனால் எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை. சாதிப்பெயரே ஊரில் ஒருவர் குடியிருக்கும் தெருவைத் தீர்மானித்த சமூகம் நம்முடையது. தோல் தொழிலைத் தொட்டவர்களைத் தீண்டாதவர்களாக ஒதுக்கியவர்கள், அதே தோலை விற்றுப் பொருள் ஈட்டவும் செய்தார்கள். சமயம் மாறி, பெயர் மாறி, ஊர் மாறி அந்த அடையாளத்தைக் கடந்துபோன குடும்பங்கள் பாலாற்றங்கரையில் ஏராளம். அவர்களுடைய பாட்டனின் பெயருக்கு எதிரே இருந்த ஒரு சொல்லை இன்று யாரோ எடுத்துக் காட்டுவது எல்லோருக்கும் மகிழ்ச்சி தருமா? மறக்கப்படுவதே சிலருக்கு விடுதலையாக இருந்திருக்கிறது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. இம்முறை சாதியும் பதிவாகும்; 1931க்குப் பின் முழுமையான சாதி அட்டவணை வெளிவந்ததில்லை. கைபேசிச் செயலியில் பதிவாகும் இவ்விவரங்களை எரிப்பதும் எளிதல்ல, காப்பதும் எளிதல்ல. எத்தனை ஆண்டுக்குப் பின், யாருக்கு, எந்த அளவில் திறப்பது என்பதை இப்போதே விவாதித்துச் சட்டமாக்க வேண்டும். அழித்துவிட்டு வருந்துவதும், கசிந்துவிட்டு அஞ்சுவதும் நமக்கு வேண்டாம்.

அதுவரை தேடுவோர் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். நிலம் இருந்தவர்க்கு நிலவரித் திட்டப் பதிவேடு. பிள்ளை பள்ளி சென்றிருந்தால் சேர்க்கைப் பதிவேடு. 1853இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் சபைகளைச் சேர்ந்தவர்க்கு ஞானஸ்நானப் பதிவேடு. மசூதி ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு. நிலமும் பள்ளியும் இல்லாத குடும்பங்களுக்கு, கடன் பத்திரத்தில் இட்ட கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுத்தர் எழுதிய பெயரே முதல் ஆவணமாக இருக்கக்கூடும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், இவற்றுக்கெல்லாம் முன்னால் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். பாட்டிகளின் பெயர்களை முதலில் எழுதுங்கள். அவற்றை எழுதாமல் விடலாம் என்று விதியே இருந்தது.