ஒன்பது நாள் தலைவலி

"முதுகுல ஊசி போட்டாங்க டாக்டர், அன்னைல இருந்து இடுப்பே விட்டுப்போச்சு." மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தப் புகார் வந்துவிடும். அந்த ஊசியின் மேல் பழி உண்டுதான். ஆனால் இடுப்பு வலிக்காக அல்ல.

1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், முதுகுத்தண்டுக்குள் கொக்கெய்ன் செலுத்திக் காலை மரத்துப்போக வைத்தார். தன் உடம்பிலேயே பார்த்துவிட நினைத்து உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் முதுகைக் காட்டினார். சிரிஞ்சு ஊசியில் சரியாகப் பொருந்தவில்லை. தண்டுவட நீர் வழிந்து வீணானது. பிறகு பியர் அவருக்குப் போட்டார். மரத்த காலில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார். இரவு இருவரும் ஒயினோடு கொண்டாடினார்கள். அடுத்து வந்தது தலைவலி. எழுந்தால் வலி, படுத்தால் நிற்கும். பியர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். நீர் கசிந்ததுதான் காரணமாக இருக்கும் என்று அவரே ஊகித்தார்.

இரண்டே வருடத்தில், 1900இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆஸ்கர் கிரைஸ் இந்த முறையைப் பிரசவ வலிக்குப் பயன்படுத்தினார். தலைவலியும் கூடவே பிரசவ அறைக்குள் வந்தது.

தண்டுவட நீர் இருக்கும் உறையைத் துளைக்காமல், அதற்கு வெளியே மருந்தை விடுவதுதான் எபிடியூரல். ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகெஸ் 1921இல் இதைச் செய்து காட்டினார். 1947இல் ஹவானாவில் மார்ட்டினெஸ் குர்பெலோ மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வழி செய்தார். அவர் பயன்படுத்திய தூஹி ஊசியைத்தான் நாங்களும் பிடித்தோம். ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பருமன், முனை லேசாக வளைந்திருக்கும். ஊசி தசைநாருக்குள் இருக்கும்வரை சிரிஞ்சின் பிஸ்டன் அசையாது. சரியான இடம் வந்ததும் சட்டென்று இளகிவிடும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி உறை. அந்த நேரம் பார்த்துப் பிரசவ வலி எடுத்துப் பெண் முதுகை நெளித்தால் போதும். உறை துளைபட்டு, ஊசி வழியாகத் தெளிந்த நீர் வெதுவெதுப்பாகக் கையுறையில் சொட்டும். ஏறக்குறைய நூற்றில் ஒருத்திக்கு இப்படி ஆகும். அவர்களில் பாதிக்கு மேல் தலைவலி வரும்.

1960இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோர்ம்லி ஒன்றைக் கவனித்தார்: ஊசி போடும்போது ரத்தம் கலந்தவர்களுக்குத் தலைவலி குறைவு. நோயாளியின் ரத்தத்திலேயே இரண்டு மூன்று மில்லி எடுத்து, ஓட்டை இருந்த இடத்தில் செலுத்தினார். இப்போது 20 மில்லி வரை செலுத்துகிறார்கள். ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கிறது.

இந்தத் தலைவலி ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் எங்களுக்குப் பாடம். வீட்டுக்குப் போன தாய் என்ன ஆனாள் என்று பெரிய அளவில் கேட்டவர்கள் பர்மிங்காமில் கிறிஸ்டின் மெக்கார்த்தர் குழுவினர். 11,000க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் விசாரித்து 1990இல் வெளியிட்டார்கள். எபிடியூரல் போட்டவர்களுக்கு முதுகுவலி அதிகம் என்று அதில் தெரிந்தது. பிறகு குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஊசி இல்லாமல் பெற்றவளுக்கும் இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உறை துளைபட்ட பெண்களில் சிலருக்குத் தலைவலியும் கழுத்துவலியும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்ததை அதே குழு கண்டது. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

பியரின் ஒன்பது நாளைப் பாடப்புத்தகத்தில் ஏற்றிய நாங்கள், தாய்மார்களிடம் விசாரிக்க 90 வருடம் எடுத்துக்கொண்டோம். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வீட்டிலும் லட்சணம் அதேதான். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று காதில் பஞ்சை வைத்துவிடுவார்கள். நீர் கோத்ததல்ல, ஒழுகிப் போனது!

உங்கள் மகளோ மருமகளோ முதுகில் ஊசி போட்டுப் பிள்ளை பெற்று வந்து, உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, படுத்தால் தேவலை என்றால், தூக்கமில்லாததால்தான் என்று விட்டுவிடாதீர்கள். அதே மருத்துவமனைக்குப் போய் மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள். படுத்த பிறகும் வலி குறையாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கூட்டிப்போங்கள்.